கை பேசினால் வாய் சோம்பிவிடுமா?

கேள்வி: எங்கள் ஊர் விளாத்திகுளத்துக்குப் பக்கம். என் மகள் வயிற்றுப் பேத்திக்கு இரண்டரை வயது. பிறந்தவுடனேயே டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 'ம்மா', 'ப்பா' தவிர இன்னும் பேச்சு வரவில்லை. மகள் டவுனில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறாள். மருமகனுக்குக் கரிமூட்டத் தொழில். பிள்ளை பகல் முழுக்க என்னோடுதான். தூத்துக்குடியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம், 'தண்ணி', 'இன்னும்', 'போதும்' என்று சொல்லும்போதெல்லாம் கையாலும் காட்டுங்கள் என்கிறார். அக்கம்பக்கத்திலோ, 'கையைக் காட்டிப் பழக்கினால் வாய் வராது, ஊமையாகவே போய்விடும்' என்கிறார்கள். மருமகனும் அதையே சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வாய் பேச வேண்டிய பிள்ளைக்கு எதற்காகக் கையைப் பழக்க வேண்டும்? இன்னொன்று. மினிபஸ் ஹாரனுக்குப் பயந்து காதைப் பொத்த ஆரம்பித்தாள். இப்போது ஹாரன் இல்லாத நேரத்திலும், பொழுது சாய்ந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். இதற்கு வைத்தியம் உண்டா?
— ஒரு பாட்டி, விளாத்திகுளம் வட்டம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் கொஞ்சம் சிரித்துவிட்டேன். உங்களை நினைத்தல்ல, உங்கள் அக்கம்பக்கத்தாரை நினைத்து. அவர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு 'டாட்டா' காட்டச் சொல்லித் தந்தவர்கள்தானே? சாமியைக் கண்டால் கைகூப்பு, நிலாவைக் கண்டால் கையசைத்துக் கூப்பிடு, மாமா எங்கே என்றால் விரலை நீட்டு என்று நம் வீடுகளில் ஒரு பிள்ளை முதல் பிறந்தநாளுக்குள் படிக்கிற சைகைக்குக் கணக்கு கிடையாது. டாட்டா காட்டிப் பழகியதால் பேச்சு வராமல் போன பிள்ளை ஒன்றை எந்தத் தெருவிலாவது பார்த்திருக்கிறோமா?

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களுக்கும் இந்த வரிசை தெரிந்திருக்கிறது. குழந்தை இரு கையையும் சேர்த்துக் கொட்டுகிற சப்பாணிப் பருவத்தை அவர்கள் ஒன்பதாம் மாதத்தில் வைத்தார்கள். இன்றைய குழந்தை மருத்துவமும் கைதட்டுவது, டாட்டா காட்டுவது, விரல் நீட்டிச் சுட்டுவது எல்லாம் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயதையொட்டி வருவதாகத்தான் சொல்கிறது. முதல் சொல் அதற்குப் பிறகு, ஏறக்குறைய ஒரு வயதில். ஆக, கை முந்துவதும் வாய் பிந்துவதும் எல்லாப் பிள்ளைக்கும் பொது. உங்கள் பேத்திக்கு இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி நீளமாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடைவெளியில் பிள்ளை வெறுமனே காத்திருக்க வேண்டாம் என்றுதான் அந்த மேடம் கையில் மூன்று சொல்லைக் கொடுத்திருக்கிறார்.

இருந்தாலும் உங்கள் மருமகனின் பயத்தை நான் ஒதுக்கிவிடப் போவதில்லை. கையாலேயே காரியம் நடந்துவிட்டால் வாயைத் திறக்கச் சோம்பல் வராதா என்பது நியாயமான கேள்வி. இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் பயந்தார்கள். பேச்சுப் பயிற்சியை எல்லாம் முயன்று பார்த்து, இனி வராது என்று கைவிட்ட பிறகுதான் சைகையையும் படத்தையும் எடுப்பார்கள். பிறகு சோதித்துப் பார்த்தார்கள். மில்லர், லைட், ஸ்க்ளாசர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் சலித்து 2006ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சைகையோ படமோ பழகியவர்களில் நம்பகமாகக் கணக்கெடுக்க முடிந்தவர்கள் 27 பேர். அவர்களில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. மூன்று பேருக்கு மாற்றமில்லை. மீதிப் பேருக்குப் பேச்சு கூடியது. மடமடவென்று கூடிவிடவில்லை, கொஞ்சம்தான். அதையும் அவர்களே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் பேத்தியின் வயதை ஒட்டிய ஆய்வு ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் ரோம்ஸ்கி, செவ்சிக் என்ற இரண்டு பெண்மணிகள், பத்துச் சொல்கூடப் பேசாத சின்னக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பேச்சுப் பயிற்சி மட்டும். மற்ற இரண்டு குழுவுக்கும் பேச்சோடு, படத்தை அழுத்தினால் குரல் வரும் கருவியும் சேர்த்துக் கொடுத்தார்கள். பெற்றோரும் கூடவே பழகினார்கள். கடைசிவரை இருந்த குழந்தைகள் 62 பேர். 2010ல் வந்த முடிவு இது: பேச்சை மட்டும் பழகிய குழுவில் மிகச் சில சொற்களே வாயில் வந்தன. கருவியும் சேர்த்துப் பழகிய இரண்டு குழுக்களிலும் பிள்ளைகள் கருவியிலும் சொன்னார்கள், வாயாலும் சொன்னார்கள். சொற்களின் எண்ணிக்கையும் வெகுவாகக் கூடியது.

ஏன் அப்படி? நடைவண்டியை நினைத்துப் பாருங்கள். வண்டி பழகியதால் நடக்க மறுத்த பிள்ளை இல்லை. காலுக்குப் பலம் வந்த அன்றே வண்டி மூலைக்குப் போய்விடும். சைகையும் அப்படித்தான். கையில் பொம்மை இருந்தால் சைகை காட்ட முடியாது. பாட்டி அடுப்படியில் திரும்பி நின்றால் சைகை தெரியாது. இருட்டிவிட்டாலும் அது உதவாது. வாய்க்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. வாய் தயாரானதும் குழந்தையே கையை விட்டுவிடும்.

தெருவில் இன்னும் இரண்டு யோசனை சொல்லியிருப்பார்கள். வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவு என்பது ஒன்று. பிள்ளை வளர்ப்பான், பேர் சொல்லா மருந்து என்றெல்லாம் வசம்புக்குப் பட்டப்பெயர் உண்டு. பேரையே சொல்லக் கூடாத மருந்து பேச்சை வரவழைக்கும் என்று நம்புவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். பேச்சுக்கு அது உதவாது. நாக்கில் தடவியே பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போனதுண்டு. ஒரு வயதுக்குள் தேனும் ஆகாது. நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிடு என்பது இரண்டாவது யோசனை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையின் நாக்கு பெரிதாக, வெளியே நீட்டியதுபோலத் தெரியும். பெரும்பாலும் நாக்கு பெரிதில்லை, வாயின் உள்ளிடம் சிறிது, தசையும் தளர்வு. எதை வெட்டுவது?

இனி உண்மைக் காரணத்துக்கு வருவோம். டவுன் சிண்ட்ரோம் என்பது, பெரும்பாலானவர்களுக்கு, உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்துவிடுவது. குரோமோசோம் என்றால் உடம்பைக் கட்டுவதற்கான குறிப்பேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கூடுதலாக அச்சாகிவிட்டது. உங்கள் மகள் கர்ப்பத்தில் எதைத் தின்றாள், எந்தக் கிரகணத்தைப் பார்த்தாள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. (நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்தப் பேச்சு எழாத வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.)

அந்தக் கூடுதல் பக்கம் பேச்சை மூன்று இடத்தில் தடுக்கிறது. முதல் இடம் தசை. ஹைப்போடோனியா என்பார்கள், தசை இயல்பைவிடத் தொளதொளவென்று இருப்பது. பேச்சுக்கு உதடு, நாக்கு, தாடை, மூச்சு நான்கும் ஒரு நொடிக்குள் ஒத்துப்போக வேண்டும். உடம்பு செய்கிற வேலைகளில் இவ்வளவு நுணுக்கமானது குறைவு. கையைக் குவித்து வாயருகே கொண்டுபோவது அதைவிட எத்தனையோ சுலபம். இன்னொரு வித்தியாசமும் உண்டு. பிள்ளைக்குக் கை வராவிட்டால் நீங்கள் அந்தக் கையைப் பிடித்து, இப்படி வை என்று வைத்துக் காட்டலாம். நாக்கைப் பிடித்து இப்படித் திருப்பு என்று காட்ட முடியுமா?

இரண்டாவது இடம் நினைவு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் காதில் விழுந்ததைச் சில நொடி மனதில் நிறுத்திவைப்பது கடினம். கண்ணால் பார்த்தது அதைவிட நன்றாக நிற்கும். 'தண்ணி' என்ற ஒலி அரை நொடியில் காற்றோடு போய்விடுகிறது. கை அப்படியில்லை. அது அங்கேயே நிற்கும், பிள்ளை பார்த்து முடிக்கும்வரை காத்திருக்கும். கையோடு சேர்த்துச் சொல்லும்போது நம் பேச்சும் தன்னால் நிதானப்படுகிறது. நம் கரிசல் பக்கத்துப் பேச்சுக்கு அந்த நிதானம் கொஞ்சம் தேவைதான்.

மூன்றாவது இடம் காது. நான் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கிற கேள்வியே இதுதான். 'மினிபஸ் ஹாரன் கேட்கிறதே, காதுக்கு என்ன?' என்று நீங்கள் சொல்லலாம். ஹாரன் செவிட்டுச் சுவரையும் அதிரவைக்கும். 'த'வுக்கும் 'ச'வுக்கும் உள்ள வித்தியாசம் கேட்கிறதா என்பதே கேள்வி. இந்தப் பிள்ளைகளுக்குக் காதுக் குழல் குறுகலாக இருப்பதால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். வலியே இல்லாமலும் இது நடக்கும். அப்போது பேச்சு, தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல மங்கலாகக் கேட்கும். தூங்க வைத்துத் தலையில் சிறு பட்டைகளை ஒட்டிச் செய்கிற பெரா பரிசோதனை, அதாவது ஒலி காதிலிருந்து மூளைவரை போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது, செய்தாகிவிட்டதா? பிறந்தபோது செய்திருந்தாலும் மறுபடி ஒரு முறை பார்ப்பது நல்லது. தைராய்டு ரத்தப் பரிசோதனையும் வருடத்துக்கு ஒரு முறை வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் பிள்ளை மந்தமாகிவிடும்.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மூன்றும் வெளியே வருகிற வழியிலும் உள்ளே போகிற வழியிலும் உள்ள தடைகள். உள்ளே இருக்கிற புரிதல் பேச்சைவிட முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. 'செருப்பை எடு' என்றால் எடுக்கிறாள் இல்லையா? புரிந்தும் சொல்ல வழியில்லாத பிள்ளைதான் தரையில் விழுந்து புரளும், கடிக்கும், தட்டைத் தள்ளிவிடும். 'போதும்' என்று காட்ட ஒரு கை கிடைத்துவிட்டால் தட்டு பறப்பது பாதியாகக் குறையும். இது என் சொந்த அனுபவம்.

உங்கள் மருமகனுக்கு ஆய்வு எல்லாம் எடுபடாது என்றால், பாஞ்சாலங்குறிச்சிக் கதை ஒன்று சொல்லுங்கள். பக்கத்து ஊர்தானே. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரைக்குப் பேச்சு வராது. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். 1801ல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிந்து கிடந்த கோட்டையை மறுபடி எழுப்பிக் கும்பினிப் படையைத் திணறடித்தவர். எதிர்த்துப் போரிட்ட ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830ல் வெளியான தம் நினைவுக் குறிப்பில் அவரைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். இடது உள்ளங்கையில் வைக்கோல் துணுக்குகளைப் பரப்பி, இதுதான் ஆங்கிலப் படை என்று காட்டுவாராம். எப்போது பாய வேண்டும் என்பதற்கும் ஒரு சைகை. பிறகு மற்றொரு கையால் அத்தனை துணுக்கையும் வழித்துத் தள்ளி, வாயால் விர்ரென்று ஓர் ஓசை எழுப்புவார். அதுதான் தாக்குதலுக்கு உத்தரவு.

ஊமைத்துரைக்கும் உங்கள் பேத்திக்கும் உள்ள குறை வேறு வேறு. அவருக்கு அறிவில் எந்தத் தாமதமும் இல்லை. ஆனால் அவர் செய்தது என்ன என்று பாருங்கள். கை, ஒரு பொருள், வாயில் வருகிற ஓசை என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து ஒரு செய்தி ஆக்கினார். இதற்குத்தான் இன்றைய புத்தகங்களில் ஏஏசி என்று பெயர், பேச்சுக்குத் துணையாகவோ மாற்றாகவோ வருகிற எல்லா வழியும். அவரைச் சுற்றியிருந்தவர்களையும் பாருங்கள். அந்தச் சைகையைப் படித்துக்கொண்டவர்கள் அவருடைய ஆட்கள். அவர்கள் படிக்காமல் இருந்திருந்தால் வைக்கோல் வெறும் வைக்கோல்தான். உங்கள் வீட்டிலும் அதேதான் கதை. தூத்துக்குடி மேடம் வாரத்துக்கு ஒரு மணி நேரம் பார்ப்பார். மீதி நேரம் முழுக்கப் பிள்ளை உங்கள் வீட்டில். நீங்கள் காட்டி, மகள் காட்டி, மருமகன் மட்டும் காட்டாமல் இருந்தால், பிள்ளைக்கு அப்பாவோடு பேச மட்டும் மொழி இல்லாமல் போகும். இதை அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லலாம்.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது? 1970களில் இங்கிலாந்தில் மார்கரெட் வாக்கர் என்ற பேச்சுப் பயிற்சியாளர், மகாட்டன் என்ற சைகை முறையை உருவாக்கினார். அதில் சேர்ந்து உழைத்த மார்கரெட், கேத்தி, டோனி மூவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்த பெயர் அது. அந்த முறையின் உயிர் ஒரே விதி: வாயை மூடிக்கொண்டு கையைக் காட்டக் கூடாது. முழு வாக்கியத்தையும் வாயால் சொல்ல வேண்டும், முக்கியமான ஒரு சொல்லுக்கு மட்டும் கை. 'பாட்டிக்கிட்ட வா, தண்ணி குடிப்போம்' என்றால் 'தண்ணி' என்னும்போது மட்டும் கை வாய்க்குப் போகும். காது கேளாதவர்களின் சைகைமொழி தனி இலக்கணம் உள்ள முழு மொழி. இது அதுவல்ல, பேச்சுக்குப் போடுகிற அடிக்கோடு.

கை காட்டிய பிறகு காத்திருங்கள். இதுதான் இருப்பதிலேயே கடினம். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பாட்டிமார்களால் மூன்றுக்கு மேல் எண்ண முடிவதில்லை, அதற்குள் சொம்பு பிள்ளையின் வாயில் இருக்கும். பத்து வரை எண்ணினால், ஏழிலோ எட்டிலோ ஒரு விரல் அசையும், ஒரு 'ண்ணீ' வரும், அல்லது சொம்பைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்ப்பாள். அந்தப் பார்வையும் பதில்தான். உடனே 'தண்ணியா? இந்தா தண்ணி' என்று கொடுத்துவிடுங்கள். ஒன்றுமே வராவிட்டாலும் நீங்களே காட்டி, சொல்லி, கொடுத்துவிடுங்கள். 'சொன்னால்தான் தருவேன்' என்று சொம்பை மறைத்து வைப்பது மட்டும் வேண்டாம். தாகத்தோடு பாடம் படிக்க யாராலும் முடியாது. 'இது என்ன? அது என்ன?' என்று பரீட்சை வைப்பதும் வேண்டாம். அவள் எதைப் பார்க்கிறாளோ அதன் பேரை நீங்களே சொல்லுங்கள். ஆடு மேய்கிறது, மிளகாய் காய்கிறது, காக்கா ஓடிப்போச்சு.

படம் வேண்டும் என்றால் கடையில் விற்கிற சார்ட்டை வாங்காதீர்கள். அதில் ஒட்டகச்சிவிங்கி இருக்கும், கப்பல் இருக்கும். உங்கள் பேத்திக்கு ஒட்டகச்சிவிங்கியோடு என்ன வேலை? உங்கள் வீட்டுச் சொம்பு, பாய், ஆடு, அப்பாவின் பைக் எல்லாவற்றையும் மகளின் போனில் படம் எடுத்துப் பெரிதாக அச்சடித்து, அடுப்படிச் சுவரில் அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒட்டுங்கள். அதே போனில் கார்ட்டூன் ஓடவிடுவது வேறு விஷயம். கார்ட்டூன் பதில் சொல்லாது.

உதவிக்கு ஆள் இருக்கிறார்கள். 2013ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை வரும். அவர்கள் எழுதித் தந்தால் மாவட்ட ஆரம்பகட்டத் தலையீட்டு மையத்தில், அதாவது வளர்ச்சித் தாமதத்தைச் சின்ன வயதிலேயே பிடித்துப் பயிற்சி கொடுக்கிற இடத்தில், காதுப் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், 1981ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையில் அவர் கட்டி எழுப்பிய நிறுவனம். அவர்களுடைய பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய், குடும்பத்தாருக்குப் பயிற்சி சொல்லித் தருகிறார்கள். சென்னை தியாகராய நகரில் 1989 முதல் நடக்கும் மதுரம் நாராயணன் மையத்தில் பிள்ளையோடு தாயும் உட்கார வேண்டும். அவர்களுடைய 'உபநயன்' பயிற்சி முறையில் இரண்டு வயதுக்குள் வர வேண்டிய 250 திறன்களைச் சிறு சிறு படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். படத்தைத் தொட்டால் குரல் வருகிற 'ஆவாஸ்' செயலியும் சென்னையில் பிறந்ததுதான், தமிழிலும் கிடைக்கிறது. ஆனால் இரண்டரை வயதுக்குச் சுவரில் ஒட்டிய படமே முதலில் போதும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று தள்ளிப்போட வேண்டாம்.

எப்போது பேசுவாள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரிக்கு வரி அதுதான் தெரிகிறது. தேதி சொல்கிறவரை நம்பாதீர்கள். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் பேசுகிறார்கள். சிலர் மூன்று வயதில், சிலர் ஐந்தில். வாக்கியம் தெளிவாக வர இன்னும் சில வருடம் ஆகும். ஒரு சிலருக்குக் கையும் படமும் கடைசிவரை துணைக்கு இருக்கும். உங்கள் ஊர்ப் பாடகர் நல்லப்ப சுவாமிகள், சாகித்தியம் ஒரு வரிகூட இல்லாமல், ராக ஆலாபனையாலேயே மணிக்கணக்காக ஆட்களை உட்கார வைத்தவர். சொல் இல்லாமலும் சேதி போய்ச் சேரும் என்பதற்கு விளாத்திகுளத்தில் சாட்சி தேட வேண்டியதில்லை.

கடைசியாக அந்தக் காது பொத்தும் விஷயம். பொழுது சாய்கிற நேரத்து மினிபஸ்ஸில்தான் உங்கள் மகள் வீடு திரும்புகிறாள் என்று ஊகிக்கிறேன். முதலில் ஹாரன் சத்தத்துக்குப் பொத்தினாள். இப்போது சத்தமே இல்லாமல் பொத்துகிறாள், பொத்திவிட்டு உங்களைப் பார்க்கிறாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பஸ்ஸைப் பற்றி உங்களிடம் கேட்கிறாள், அம்மா. யாரும் கற்றுத் தராமல் அவளே செய்துகொண்ட சொல் அது. அதற்கு வைத்தியம் வேண்டாம், மாற்றித் திருத்தவும் வேண்டாம். நாளைச் சாயங்காலம் அவள் பொத்தும்போது நீங்களும் காதைப் பொத்திக் காட்டி, 'ஆமா, பஸ் வரும். அம்மா வருவா' என்று சொல்லுங்கள். அன்றைக்கு மருமகன் சீக்கிரம் வந்துவிட்டால் அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.